கேட் போட்டிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
எண்ணெய் டேங்கர்கள், நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
பைக்கை அணைத்துவிட்டு மாமா
திரும்பாமலே கேட்டார்:
"எந்தக் காலேஜுன்னு முடிவு பண்ணியா, இல்லியா?"

வீட்டில் டிவிக்கு மேலே நாலு புத்தகம், பளபளவென்று.
எல்லாவற்றிலும் ஒரே புல்வெளி.
மூன்றில் ஒரே பெண்,
மடிக்கணினியும் அதே சிரிப்புமாக
ஒரே வருஷத்தில் மூன்று காலேஜில் படிக்கிறாள்.
தம்பிதான் கண்டுபிடித்தான்.

நூறு சதவீதம் வேலை, என்றார்
சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தவர்.
"யாருக்கு?" என்றாள் அம்மா.
காசிமேட்டில் இறால் உரிக்கிறவள்.
எந்தக் கூடையிலும்
மேலே இருக்கிற மீன் பெரிசுதான்;
அடியில் கைவிட்டுப் பார்க்காமல்
விலை கேட்டதில்லை அவள்.

நானும் கைவிட்டுப் பார்க்கக் கிளம்பினேன்.
பிங்க் பஸ்ஸில் காசில்லை, வெயில்தான்.
ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒன்று:
"அப்பாவக் கூட்டினு வாம்மா" என்றது வாசல்.
இன்னொன்றில் நூலகத்துக்குப் பூட்டு,
பூட்டுக்கு மேலே
திறந்திருக்கும் நேரம் எழுதிய பலகை.
மூன்றாவது, நம்ம பக்கத்து அரசுக் கல்லூரி.
சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்,
பாத்ரூம் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு.
மணி நாலரை. எல்லோரும் போய்விட்டார்கள்.
மாடியில் ஓர் அறையில் மட்டும் விளக்கு.
உள்ளே ஒரு பெண்
"இல்ல மேடம், அது தப்பு" என்கிறாள்.
மேடம் கோபப்படவில்லை.
போர்டைத் துடைத்தார். திரும்பச் சாக்பீஸை எடுத்தார்.

அவ்வளவுதான். அந்த "இல்ல மேடம்"முக்காகச் சேர்ந்தேன்.
வேதியியல், முதல் ஷிஃப்ட்.
"ஆர்ட்ஸ் காலேஜா?" என்றார் மாமா,
எழவு வீட்டில் குரலைத் தாழ்த்துவது மாதிரி.

சேர்ந்த மூன்றாம் மாதம்
சுகந்தி மேடத்துக்கு மாற்றல். திண்டிவனம்.
பதிலுக்கு யாரும் வரவில்லை.
துணைப்பாடக் கணக்கில் எனக்கு இருபத்து மூன்று.
இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால்
எழுத்துகள் மட்டும் தெரியும்.
ஒரு மாதம் நானும் எல்லோரையும் போல
கேன்டீன் பெஞ்சில், பஸ் ஸ்டாப்பில்,
எண்ணூர் கடலோரக் கற்களில்
நேரத்தை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.
அதில் பாதி வீண். மீதியில்தான்
நஸீமா கிடைத்தாள், கோமளா கிடைத்தாள்.

ஆசிரியர் வராத மணியில்
முதலில் கோமளாதான் எழுந்து போர்டில் எழுதினாள், விளையாட்டுக்கு.
நஸீமா "தப்பு" என்றாள், விளையாட்டுக்கு.
பிறகு வாட்ச்மேன் வந்து
சாவியை ஆட்டிக் காட்டும்வரை
இறங்கவில்லை நாங்கள்.
துறைத்தலைவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்:
"யார் பர்மிஷன் குடுத்தது?"
யாரும் கொடுக்கவில்லை, சார்.

போன வாரம் ரெபேக்கா அக்காவைப் பார்த்தேன்,
வண்ணாரப்பேட்டை மெட்ரோ படியில்.
அந்த "இல்ல மேடம்" அவள்தான்.
இரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்:
அன்றைக்கு என்ன சமன்பாடு அக்கா?
சிரித்துச் சிரித்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.
"சமன்பாடா? அட்டெண்டன்ஸ்டி!
எழுபத்து மூணுன்னு போட்டுட்டாங்க,
எழுபத்தஞ்சுன்னு சண்டை போட்டுனு இருந்தேன்."

கூடையின் அடியில் நான் தொட்டது
ஐஸ்கட்டியா, மீனா,
இன்னும் தெரியவில்லை.

இப்போதும் கேட் போட்டிருக்கிறார்கள்.
நாளைக்கு ஆறாவது பேப்பர்.
முன்னால் நிற்கிறது மணலி கன்டெய்னர் லாரி,
முதுகெல்லாம் தூசி.
கரும்பலகைக்கு என்ன பஞ்சம் எங்கள் பக்கம்!
நஸீமா ஸ்கூட்டியிலிருந்து எட்டி
விரலால் ஒரு பென்சீன் வளையம் போடுகிறாள்,
அம்புக்குறி போடுகிறாள், அந்தப் பக்கம் எழுதுகிறாள்.
"இல்லடி, அது தப்பு."

டேங்கர்கள் போய்விட்டன போல.
பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கிறது.
லாரி நகர்கிறது,
பாதிச் சமன்பாட்டோடு.